ஸ்பிரிங் பட்டையில் ஒரு சவரக்கத்தி

என் பையைக் கிழித்தவன் நல்ல தொழில்காரன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரயில் பெட்டியில் ஆளோடு ஆள் ஒட்டி நின்றுகொண்டிருந்தபோது, என் தோளில் தொங்கிய கான்வாஸ் பையின் அடியை ஒரே இழுப்பில் அறுத்திருக்கிறான். நூல் பிசிறுகூட இல்லை. இத்தனை வருஷம் கத்தி பிடித்தவன் என்ற முறையில் அந்த வெட்டை மெச்சத்தான் வேண்டியிருந்தது. மெச்சிவிட்டு, அவன் பரம்பரையையே வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

போனது பணமில்லை. பணம் இடுப்பில் பத்திரமாக இருந்தது. போனது ஒரு ஜெர்மன் சவரக்கத்தி. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் நான் கொழும்பிலிருந்து கடல் தாண்டி வந்ததே.

கொழும்பில் எனக்கு ஒரு சலூன் இருக்கிறது. பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். என் ஒரே தங்கை பொன்னம்மாவை மட்டும் அப்பா தன் சொந்த ஊர்ப் பக்கம், திருத்தணியில், ஏகாம்பரத்துக்குக் கட்டிக்கொடுத்தார். வேண்டுதலுக்கு வருகிறவர்களுக்குச் சரவணப் பொய்கைக் கரையில் மொட்டை போடுவது ஏகாம்பரத்தின் தொழில். அவருடைய அப்பா உட்கார்ந்த அதே புங்கமரத்தடியில்தான் அவரும் உட்காருகிறார். ஜெர்மன்காரனோடு சண்டை வந்ததிலிருந்து சீமைக் கத்தி வருவது நின்றுவிட்டது. அவரிடமிருந்த கடைசிக் கத்தி தேய்ந்து தேய்ந்து ஈர்க்குச்சி அகலத்துக்கு வந்து, ஒருநாள் கல்லில் தீட்டும்போதே ஒடிந்துவிட்டதாம். பொய்கைக் கரையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சொந்தக் கத்தி உள்ளவனுக்குத்தான் சொந்த இடம். ஆடிக் கிருத்திகை அன்றைக்குக் கையில் கத்தி இல்லாவிட்டால் இடம் மொட்டைக் குத்தகை எடுத்திருக்கும் காண்ட்ராக்டருக்குப் போய்விடும் என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் மூலம் பொன்னம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். என் கடையில் இருந்ததிலேயே நல்ல கத்தியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கடைசியில் அரக்கோணத்தில் கிழிந்த பையோடு நின்றேன்.

ஸ்டேஷனில் ஒரு அதிகாரியிடம் முறையிட்டேன். திருடனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டைக் காலத்தில் பையில் கத்தி எதற்கு என்று என்னைத்தான் குடைந்தார். சவரம் பண்ண என்றேன். நம்பாமல் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பார்த்து முடிப்பதற்குள் திருத்தணி வண்டி போய்விட்டது.

ஆகவே பஸ். பஸ் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பெட்ரோல் கிடைக்காததால் பின்புறம் ஒரு பெரிய தகர உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரி போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டுகிறார்கள். மேடு வந்தால் ஆண்களெல்லாம் இறங்கித் தள்ள வேண்டும். கொழும்பிலும் சண்டைக் கஷ்டம் உண்டு. ஆனால் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவனை வண்டி தள்ளச் சொல்வதில்லை. என் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்த பெரியவர் தெலுங்கில் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். முருகனுக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாராம். அதற்குப் பதில் இதையே கணக்கில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம்.

பாதி வழியில் படாரென்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அடியிலிருந்த ஸ்பிரிங் பட்டை ஒன்று இரண்டாக முறிந்திருந்தது. டிரைவர் கட்டையும் கயிறும் வைத்து முட்டுக் கொடுத்துவிட்டு, முறிந்த பட்டையைப் பள்ளத்தில் வீசினார். எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. ஸ்பிரிங் பட்டை உருக்கு. உருக்கிலிருந்துதானே கத்தி வருகிறது. திருத்தணியில் ஒரு கொல்லர் இல்லாமலா போய்விடுவார்? பட்டையைக் கேட்டேன். முதலாளிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று டிரைவர் முறுக்கினார். அவர் தலையைப் பார்த்தேன். காது இரண்டும் முடிக்குள் காணாமல் போயிருந்தன. கத்திரிக்கோலைத் திருடன் விட்டு வைத்திருந்தான். ரோட்டோரப் பனைமரத்தடியில் டிரைவருக்கு கிராப் வெட்டிவிட்டுப் பட்டையில் பாதியை வாங்கிக்கொண்டேன். அதுவரை மற்றப் பிரயாணிகள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

பொன்னம்மா வாசலிலேயே பையின் கிழிசலைப் பார்த்துவிட்டாள். அழவில்லை. சோற்றைப் போட்டாள். புளிச்சக்கீரைக் கடைசலில் அவள் போட்டிருந்த மிளகாயின் காரம் உச்சந்தலைக்கு ஏறியது. கொழும்பில் பாண் ரொட்டியும் காரச் சம்பலும் தின்று வளர்ந்த நான் காரத்துக்கு அஞ்சாதவன் என்று ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பு அந்த இலையிலேயே முடிந்தது.

"வந்ததுதான் வந்தாய் அண்ணா, முருகனுக்கு ஒரு மொட்டையாவது போட்டுக்கொண்டு போ," என்றாள்.

நான் மாட்டேன் என்றேன். என் தலைமுடியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அடர்த்தியாக, சுருளாக, எண்ணெய் பூசி ஒதுக்கினால் ஒரு இழை விலகாது. என் கடைக்குப் போர்டு தேவையில்லை, நான் வாசலில் நின்றால் போதும். மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருக்கிற சலூன்காரனிடம் எவன் வந்து கிராப் வெட்டிக்கொள்வான்? முருகனுக்கு வேறு தலைகள் நிறைய வருகின்றன என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை பொய்கைக்குப் போனோம். கரை நெடுக நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காண்ட்ராக்டர் ஒரு மர நாற்காலியில், தகரப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தார். பழைய சீமைக் கத்திகள் எங்கெங்கே கிடைத்ததோ எல்லாவற்றையும் வாங்கி அந்தப் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறார். காலையில் ஒவ்வொருவரும் வந்து ஒரு கத்தி வாங்கிக்கொள்வார்கள். சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கத்தியை வாங்கிய அன்றே உட்காரும் இடம் காண்ட்ராக்டர் பெயருக்கு மாறிவிடும். அதற்குப் பிறகு அவர் எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டியதுதான். புங்கமரத்தடி ஒன்றுதான் இன்னும் அவர் கைக்கு வரவில்லை. அது படிக்கட்டுக்கு நேர் எதிரே உள்ள இடம்.

"கொழும்புல இருந்து கத்தி வருதுன்னு சொன்னாங்க," என்றார் அவர், என் கிழிந்த பையைப் பார்த்து. "பரவால்ல. நான் தரேன். இடம் எங்கியும் ஓடாது. எம்பேர்ல இருக்கும், அவ்ளோதான்."

அந்த 'அவ்ளோதான்' எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"வேண்டாம். கத்தி நாங்கள் செய்துகொள்கிறோம்," என்றேன்.

"செய்றதா? யாரு செய்றது?"

"நான்தான்."

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. கோபம் வந்தால் என் வாய் எனக்கு முன்னால் ஓடும். கரையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. அவர் பொய்கைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முனுசாமி ஆசாரியின் கொல்லுப் பட்டறை ஆர்.கே.பேட்டை ரோட்டில் இருக்கிறது. பனையோலைக் கொட்டகை. உள்ளே அவர் ஒரு கையில் குறட்டால் காய்ச்சிய இரும்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருந்த சின்னச் சுத்தியால் இடம் காட்ட, எதிரே நின்று அவர் மனைவி கன்னியம்மா பெரிய சம்மட்டியை வீசி அடித்துக்கொண்டிருந்தாள். திருவாலங்காட்டுப் பக்கத்துக் கரும்புக்காரர்களுக்கு வெட்டுக்கத்தி தயாராகிக்கொண்டிருந்தது. கொழும்பில் ஒரு பெண் சம்மட்டி அடித்து நான் பார்த்ததில்லை. இங்கே யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பட்டையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். ஆசாரி பட்டையை வாங்கித் தட்டிப் பார்த்தார். நல்ல உருக்கு என்றார். அதற்குப் பிறகு முகம் மாறிவிட்டது. முன்னே ஒரு முறை ஒரு நாவிதனுக்குச் சவரக்கத்தி அடித்துக் கொடுத்தாராம். சவரம் நடந்துகொண்டிருக்கும்போதே அது துண்டாக உடைந்து, உட்கார்ந்திருந்தவன் கன்னத்தைக் கிழித்துவிட்டதாம்.

"அருவா கேளு, மம்முட்டி கேளு, அடிச்சித் தரேன்," என்றார். "சவரக்கத்தி மட்டும் கேக்காத."

"நீங்க அடிக்க வேண்டாம். உலையைக் கொடுங்க, நான் அடிச்சுக்கிறேன்."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். என் தலையில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். நாவிதன் குறடு பிடித்தால் உலை விளங்காது என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "ஆசாரி, வாராவாரம் உங்க தொண்டைக்குழியில் கத்தி வைக்கிறது எங்க ஆளுங்க கைதானே. கழுத்தை நம்பிக் கொடுப்பீங்க, குறட்டைக் கொடுக்க மாட்டீங்களா?"

கன்னியம்மா சம்மட்டியைக் கீழே ஊன்றிவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு ஒரு வழி சொன்னாள். துருத்தி ஊதிக்கொண்டிருந்த ஆள் பட்டாளத்துக்குப் போய்விட்டான். காலையிலும் சாயங்காலமும் நான் அவர்களுக்குத் துருத்தி ஊத வேண்டும். மத்தியானம் ஆசாரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற நேரத்தில் உலை எனக்கு. அந்த நேரத்தில் சம்மட்டி அடிக்க அவளும் வருவாள். ஆசாரி எங்கேயோ பார்த்துக்கொண்டு, கரியை வீணாக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கத்துக் கரியையெல்லாம் பஸ்கள் தின்றுகொண்டிருந்தன.

துருத்தி ஊதுவது காற்றடிப்பதுதானே என்று நினைத்தேன். முதல் நாள் என் வேகத்தில் கரிப்பொறி ஓலைக் கூரைக்குப் பறந்தது. ஆசாரி மண்குடத்தோடு ஓடிவந்தார். ஒரு பொறி என் தலைமுடியில் விழுந்து, கருகிய நாற்றம் நாள் முழுக்க என்னோடு இருந்தது. அன்றிலிருந்து தலையில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டேன். இழுப்பு ஒரே சீராக இருக்க வேண்டும், தூங்குகிற ஆளின் மூச்சு மாதிரி. அது கைக்குப் பிடிபடுவதற்குள் உள்ளங்கை கொப்புளமாகிவிட்டது. என் கை மென்மையான கை. வாடிக்கைக்காரர்கள் கன்னத்தில் பட வேண்டிய கை என்று தேங்காயெண்ணெய் போட்டு வளர்த்தது. அதைப் பார்க்க எனக்கே பரிதாபமாக இருந்தது.

மத்தியானம் கன்னியம்மா ஒரு இலையில் கேழ்வரகுக் களி வைத்துத் தருவாள். அதைத் தின்றுவிட்டு என் வேலை. பட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி நெருப்பில் வைத்தேன். முதல் துண்டைக் காய வைத்துவிட்டு, ரோட்டில் போன காவடிக் கூட்டத்தை வேடிக்கை பார்த்தேன். திரும்பினால் உருக்கு கம்பி மத்தாப்பு மாதிரி பொரிந்துகொண்டிருக்கிறது. ஒரு அடி அடித்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உருக்கை நெருப்பில் வைத்துவிட்டு வேறெங்கும் பார்க்கக்கூடாது என்று அப்படித் தெரிந்துகொண்டேன். பப்பாளிப் பழ நிறம் வந்தால் எடுக்க வேண்டும், செங்கல் நிறத்துக்கு இறங்கினால் அடியை நிறுத்த வேண்டும். கன்னியம்மா அடிக்கும்போது நான் குறட்டைச் சாய்த்துப் பிடித்தால் அதிர்வு தோள்வரை ஏறும். என் கட்டைவிரலை நானே சுத்தியால் அடித்துக்கொண்ட கதையை விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது துண்டு கத்தி உருவத்துக்கு வந்தது. முதுகு தடித்து, வெட்டுகிற வாய் மெலிந்து, கோணல்தான், ஆனாலும் கத்தி. எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரே பொய்கைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். நாவிதர்கள் தொழிலை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொருவரும் கட்டைவிரலைக் கத்தியின் வாயில் ஓட்டிப் பார்த்தார்கள். தடிப்பாக இருக்கிறது, இன்னும் மெலிய வேண்டும் என்றார்கள். நானும் அதேதான் நினைத்தேன். கல்லைப் போட்டு எல்லாரும் முறை வைத்து இழைத்தோம். ஒருவர் தன் முன்னங்கை முடியை வழித்துக் காட்டினார். வரிசையே ஆஹா என்றது. காண்ட்ராக்டர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். அன்றைக்கு எனக்கு இரண்டு காலும் தரையில் இல்லை.

மறுநாள் அதற்குத் தோய்ச்சல் கொடுக்க வேண்டும். காய்ச்சிய உருக்கை எண்ணெயில் தோய்த்து எடுத்தால்தான் அதற்குக் கடினம் வரும், இல்லாவிட்டால் ஒரு தலைக்குள் மழுங்கிவிடும். நெருப்பில் வைத்தேன். முதுகு சிவக்கும் முன்பே வாய் வெளுத்துவிட்டது. எண்ணெயில் விட்டேன். வெளியே எடுத்தபோது வாய் முழுக்க நெளிநெளியாக, பொரித்த அப்பளம் போல இருந்தது.

விடவில்லை. மூன்றாவது துண்டை அடித்தேன். அதையும் பொய்கைக் கரையில் எல்லாரும் சேர்ந்து பார்த்துப் பார்த்து மெலிய வைத்தோம். இந்த முறை நெருப்பைக் குறைத்து நிதானமாகக் காய்ச்சினேன். எண்ணெய்க்குள் போனதும் டிக் என்று ஒரு சின்னச் சத்தம். சட்டென்று வெளியே எடுத்தேன். கத்தியின் வாயிலிருந்து முதுகுவரை மயிரிழை போல ஒரு வெடிப்பு. லேசாக வளைத்தேன், கையோடு வந்துவிட்டது. பட்டையில் இன்னும் ஒரே ஒரு துண்டுக்குத்தான் இடம் இருந்தது. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் அதற்குள் ரோட்டில் இறங்கத் தொடங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் ஏகாம்பரம் காண்ட்ராக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார். நாளைக்கு வந்து கத்தி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாராம்.

"வுட்டுடுங்க பாவா," என்றார். அந்தப் பக்கத்தில் மச்சானைப் பாவா என்றுதான் கூப்பிடுவார்கள். "எனக்குத் தெரிஞ்சது தல சிரைக்கறது. எவன் கத்தியா இருந்தா இன்னா? வயிறு கீதே."

பதில் பேசியவள் பொன்னம்மா. அடுப்பிலிருந்து திரும்பாமலேயே பேசினாள்.

"சாயங்காலம் கத்தி திரும்பிப் போகும். இடமும் போனால், மறுநாள் அவன் வராதே என்றால் எங்கே போய் உட்காருவீர்கள்? அண்ணன் இன்னும் தோற்கவில்லை. ஒரு துண்டு இருக்கிறதாம். அது உடைந்த பிறகு நீங்கள் போங்கள், நானே கூட வருகிறேன்."

மறுநாள் ஏகாம்பரம் காண்ட்ராக்டரிடம் போகவில்லை.

கெட்டுப்போன இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ஆசாரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கத் தயாராக இருந்தார். கன்னியம்மா துண்டுகளை வாங்கி அவற்றின் வாயைத் தடவினாள். பிறகு புருஷனைப் பார்த்து, "எழுந்து வாங்க," என்றாள். "அன்னிக்கி உடைஞ்சதும் இப்படித்தான் இருந்துச்சி. அந்த ஆளு இங்கியே குந்திகினு மெலிசு பண்ணு மெலிசு பண்ணுன்னு உசுர வாங்கனான். நீங்க இழைச்சிட்டு அப்பறமா தோய்ச்சீங்க. மெலிஞ்ச வாய் தோய்ச்சலத் தாங்குமா?"

ஆசாரி துண்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது என்ன என்று எனக்கு அப்போது புரியவில்லை. இத்தனை வருஷம் தன் கைதான் கெட்டது, தன் உலைதான் கெட்டது என்று நினைத்திருந்த மனுஷர். வெட்டுக்கத்திக்கும் அரிவாளுக்கும் அவர் எப்போதும் வாயைத் தடிப்பாக விட்டுத்தான் தோய்ப்பார், கூர்மையைக் கடைசியில்தான் ஏற்றுவார். சவரக்கத்தி என்றதும் எதிரே நின்ற நாவிதன் பேச்சைக் கேட்டுவிட்டார். தடித்த வாயை எங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பார்த்தால் கை தானாகக் கல்லைத் தேடும். அன்று அந்த ஆள் செய்ததைத்தான் நாங்கள் கரை முழுக்கச் சேர்ந்து இரண்டு முறை செய்திருக்கிறோம். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

ஆசாரி குறட்டைக் கையில் எடுத்தார். கடைசித் துண்டைத் தானே அடித்துத் தருவதாகச் சொன்னார். நியாயமாகப் பார்த்தால் நான் சரி என்றிருக்க வேண்டும். இருந்தது ஒரே துண்டு. ஆனால் கரையில் அத்தனை பேர் முன்னால் நான்தான் செய்வேன் என்று சொல்லியிருந்தேன். குறட்டைக் கேட்டேன். என் பிடிவாதத்தைப் பற்றிப் பொன்னம்மாவுக்குத்தான் தெரியும், அவருக்குப் புதிது. கொஞ்சம் முறைத்துவிட்டுக் கொடுத்தார். அன்று அவர் படுக்கவில்லை. துருத்தியில் உட்கார்ந்தார். நான் குறடு பிடிக்க, கன்னியம்மா அடிக்க, ஆசாரி எனக்குத் துருத்தி ஊதினார். அதை அந்த ரோட்டில் போன யாரும் நம்பமாட்டார்கள்.

வாயைக் காலணாக் காசின் தடிமனுக்கு விட்டேன். என் கண்ணுக்கு அது கத்தியாகவே தெரியவில்லை, ஏதோ கதவுக் கொண்டி மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். சீராகச் சிவந்ததும் ஆசாரி தலையை அசைத்தார். ஆமணக்கெண்ணெய்க்குள் நேராக இறக்கினேன். புகை வந்தது. மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். சத்தம் இல்லை. எடுத்து அரத்தால் தேய்த்தால் அரம் வழுக்கியது, கடினம் ஏறிவிட்டது. பிறகு மண்சட்டியில் மணலைச் சூடாக்கி, அதில் புதைத்து, வைக்கோல் நிறம் ஏறியதும் எடுத்தோம். அப்படிச் செய்யாவிட்டால் கண்ணாடி மாதிரி உடைந்துவிடும் என்றார் ஆசாரி. கன்னியம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் உங்கள் வேலை என்றாள்.

அது எங்கள் வேலைதான். கடினமேறிய உருக்கைக் கல்லில் இழைப்பது என்றால் சாமானியமில்லை. பொய்கைக் கரையில் உட்கார்ந்து இழைத்தேன். தடிப்பைப் பார்த்து வரிசையில் இருந்தவர்கள் முருங்கைக்காய் நறுக்கவா என்று கேட்டார்கள். கேட்கட்டும். என் கை விட்டபோது ஏகாம்பரம் வாங்கிக்கொண்டார், அவர் கை ஓய்ந்தபோது நான். கொப்புளம் உடைந்து, காய்த்து, மறுபடி உடைந்தது. கிருத்திகைக்கு முந்தின நாள் பொழுது சாய்கிறபோது தோல் வாரில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு ஏகாம்பரம் தன் முன்னங்கையில் வைத்தார். முடி விழுந்தது. அவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணியில் நிற்க இடமிருக்காது. மஞ்சள் துணியும் பூக்காவடியும் பம்பைச் சத்தமும் அரோகராவும். தமிழும் தெலுங்கும் ஒன்றாகக் கலந்து காதை அடைக்கும். ஏகாம்பரம் விடியுமுன்பே புங்கமரத்தடியில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் முன்னால் தலைகள் நிரம்பிவிட்டன. அவர் முன்னால் ஒருவரும் உட்காரவில்லை. காரணம் கொஞ்ச நேரத்தில் காதில் விழுந்தது. காண்ட்ராக்டரின் ஆட்கள் படிக்கட்டில் நின்றுகொண்டு, மரத்தடிப் பக்கம் போகாதீர்கள், அங்கே இருப்பது அரிவாள் கொல்லன் பட்டறைக் கத்தி, குழந்தை தலையை வெட்டிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். காண்ட்ராக்டரே நடந்து வந்தார்.

"கத்தி கீது சரி," என்றார் சிரித்துக்கொண்டே. "தல எங்க?"

என்னைத் தவிர வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் சும்மா போயிருக்கும். நான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தேன். பொய்கையில் இறங்கி ஒரு முழுக்குப் போட்டேன். வந்து பலகை முன்னால் உட்கார்ந்து குனிந்தேன். ஏகாம்பரம் அசையவில்லை. பாவா, உங்க முடி, என்றார் மெதுவாக. சிரை என்றேன்.

கத்தி உச்சியில் பட்டது. முதல் இழுப்பில் என் முன்நெற்றிச் சுருள் மடியில் விழுந்தது. மனசு கேட்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு சரசரவென்று கத்தி ஓடியது. நல்ல கத்தி. ஜெர்மன் கத்திக்கு நிகர் என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் இழுத்தது. ஆனால் மழுங்கவில்லை. காதுக்குப் பின்னால் வரும்போது ஏகாம்பரத்தின் கை தவறி ஒரு கீறல் விழுந்தது. கழுத்தில் ரத்தம் ஓடியது.

"பாத்தீங்களா?" என்று காண்ட்ராக்டர் கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டினார்.

ரத்தத்தை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். "என் தலை. என் ரத்தம். இந்தக் கத்தியைச் செய்ததும் என் கை. உங்க கத்தியில் இன்னைக்கு எத்தனை தலையில் ரத்தம் வந்ததுன்னு நான் கேட்டேனா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆனாலும் ஒருவரும் முன்னால் வரவில்லை. ரத்தத்தைப் பார்த்துவிட்டார்கள் அல்லவா. அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முனுசாமி ஆசாரி வந்தார். பின்னால் கன்னியம்மா நின்றாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார். தலையோடு முகத்தையும் மழிக்கச் சொன்னார். ஏகாம்பரம் கத்தியை வாரில் தீட்டினார். அந்தக் கத்தி கன்னத்துக்கு வந்தபோது ஆசாரி கண்ணை மூடிக்கொண்டார். அவர் நெஞ்சுக்கூடு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. இந்த முறை ஏகாம்பரத்தின் கை தவறவில்லை. ஒரு கீறல் இல்லை. முடிந்ததும் ஆசாரி தன் கன்னத்தை இரண்டு கையாலும் தடவினார், விட்டு விட்டுத் தடவிக்கொண்டே இருந்தார்.

"வழவழன்னு கீது," என்றார் கன்னியம்மாவிடம்.

அதற்குப் பிறகு அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் ஒருவர் தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். வெயில் ஏறிய பிறகு புங்கமரத்தடியில் இடம் கிடைக்கவில்லை. நான் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டே இருந்தேன். பழக்கமில்லாத வெயில் என் மொட்டைத் தலையில் இறங்கி மண்டை கொதித்தது. கொழும்பில் என்ன சொல்லப்போகிறேன் என்பதைப் பற்றி நினைக்கவே நேரமில்லை.

சாயங்காலம் கூட்டம் மலைக்கு ஏறிப் போய்விட்டது. நாவிதர்கள் தகரப் பெட்டி முன்னால் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராகக் கத்தியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போனார்கள். காண்ட்ராக்டர் ஒவ்வொரு கத்தியையும் திருப்பிப் பார்த்து உள்ளே போட்டார். ஏகாம்பரம் தன் கத்தியைக் கழுவித் துடைத்து, துணியில் சுற்றி, மடியில் செருகிக்கொண்டு அவர்களைத் தாண்டி நடந்தார். நான் பின்னால் போனேன். வரிசையில் நின்ற ஒரு நாவிதர் என் பக்கம் சாய்ந்து, காண்ட்ராக்டர் காதில் விழாத குரலில், அந்தப் பட்டறை எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

நான் நின்றேன். அந்த நாற்காலிவரைக்கும் நன்றாகக் கேட்கும்படி சொன்னேன்.

"ஆர்.கே.பேட்டை ரோட்டில். மத்தியானத்தில் போங்க. முதலில் துருத்தி ஊதச் சொல்வாங்க, ஊதுங்க."